அம்பாசடர் இருமுது, பத்மினி திணறுது... பழைய கார்களுக்கு இ-20 பெட்ரோல் எமனா? ராஜபாளையம் ரோட்டிலிருந்து ஓர் அலசல்!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சுமார் 12 கிலோமீட்டர். கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 744. தளவாய்புரம் நைட்டி பண்டல், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, பால்கோவா டப்பா, டூரிஸ்ட் வேன் என எப்போதும் பரபரன்னு இருக்கிற ரோடு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல திடீர்னு ஒரு வெள்ளை அம்பாசடர், இல்லைன்னா ஒரு பிரீமியர் பத்மினி மெதுவா உருண்டு போகும். பெரும்பாலும் முன்னாடி மாலை தொங்கும். கல்யாண சீசன்னா சொல்லவே வேணாம். ரீல்ஸ் எடுக்க மாப்பிள்ளைகள் இப்போ ஆடியைவிட அம்பாசடரைத்தான் தேடுறாங்க.

1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து இது மில்லும் பஞ்சுமாக வளர்ந்த ஊர். காரும் ஒர்க்‌ஷாப்பும் கூடவே வளர்ந்ததில் ஆச்சர்யம் இல்லை. அப்படிப்பட்ட ஊர்களின் ஒர்க்‌ஷாப் வாசல்களில் இப்போ பழைய வண்டிக்காரங்க வாயில் அடிபடுற ஒரே வார்த்தை, இ-20. காலையில ஸ்டார்ட் ஆகலையா? இ-20. மேட்டுல இழுக்கலையா? இ-20. சிக்னல்ல ஆஃப் ஆகுதா? அதுக்கும் இ-20 தான். பேய் ஓட்டுற வீட்டுல தலைவலிக்குக்கூட பேய்தான் காரணம்ங்கிற மாதிரி!

உண்மை என்ன? பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எதுங்கிறதுதான் விஷயமே.

முதல்ல, பங்க்ல என்ன மாறிச்சு?

2013-14-ல் நம்ம பெட்ரோலில் எத்தனால் வெறும் 1.5 சதவிகிதம். 2022 ஜூனில் அது 10 சதவிகிதத்தைத் தொட்டது. 20 சதவிகிதத்துக்கு முதலில் வைத்திருந்த கெடு 2030. அதை 2025-க்கு முன்னாடி இழுத்தாங்க. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் பிரதமர் இ-20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார். 2025-ல் இலக்கை எட்டியாச்சு. இன்னிக்கு ராஜபாளையத்துல எந்த பங்க்ல போய் 'சாதா பெட்ரோல்'னு கேட்டாலும் டாங்க்ல விழுறது இதுதான்.

கரும்பு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் இதிலிருந்தெல்லாம் எத்தனால் வருது. விருதுநகர் மாவட்ட மானாவாரிக் காடுகளில் விளையும் அதே மக்காச்சோளம்தான். விவசாயிக்கு ஒரு புதுச் சந்தை, கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிச்சம், புகை குறைவு. இதெல்லாம் அரசு சொல்லும் காரணங்கள். 2014-15 தொடங்கி 2025 ஜூலை வரைக்கும் சுமார் 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம்னு பெட்ரோலியத் துறை கணக்குக் காட்டுது. சும்மா ஒதுக்கிட முடியாத தொகை.

2025 ஆகஸ்ட்டில் சோஷியல் மீடியாவில் வண்டிக்காரர்கள் கொந்தளிக்க, அமைச்சகம் நீளமான விளக்கம் கொடுத்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேணும்னு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனு, செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி ஆச்சு. ஸோ, இ-20 திரும்பிப் போகப் போறதில்லை. பழைய கார் வெச்சிருக்கவங்க அதோட வாழக் கத்துக்கணும்.

'எனக்கென்ன, நான் காரே வெச்சிக்கலையே'னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வர்றதுக்கு முன்னாடி வாங்கின ஸ்ப்ளெண்டர் உங்க வீட்டுல நிக்குதா? அதுலயும் கார்புரேட்டர்தான். ஆசையா தேடிப் பிடிச்ச ஆர்.எக்ஸ் 100-லயும் அதேதான். கீழே வர்ற பாதி விஷயம் அதுக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயம். ரோட்டுல ஓடின அம்பாசடர்களில், முக்கியமா டாக்ஸிகளில், நிறைய டீசல் வண்டிகள். அதுக்கும் இந்தப் பஞ்சாயத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டார்ட்டிங் ட்ரபிள்னு யாராவது இ-20-ஐத் திட்டினா, முதல்ல பானட்டைத் திறந்து என்ன இன்ஜின்னு பாருங்க பாஸ்.

கார்புரேட்டருக்கு மூளை கிடையாது

இன்னிக்கு வர்ற காரில், பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சணும்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. சைலன்ஸர் வழியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார் 'கொஞ்சம் பத்தலை'ன்னு சொன்னா உடனே கூட்டிக்கும். பெட்ரோலில் எத்தனால் கூடினாலும் ஓரளவு அதுவே சரிக்கட்டிக்கும்.

கார்புரேட்டர் அப்படி இல்லை. அது ஒரு பித்தளை ஓட்டை. அவ்ளோதான்! இன்ஜின் காத்தை உறிஞ்சும்போது, குறுகலான வெஞ்சுரி வழியா அந்தக் காத்து வேகமாப் போகும். அங்கே அழுத்தம் குறையும். ஜெட்டுங்கிற அந்தப் பொடி ஓட்டை வழியா பெட்ரோல் மேலே இழுக்கப்பட்டுக் காத்தோட கலக்கும். ஓட்டையோட அளவை 1960-கள்லயோ 70-கள்லயோ எவரோ ஒரு இன்ஜினீயர், அன்னிக்கு இருந்த சுத்த பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டு வெச்சார். அந்தக் கணக்கு இன்னிக்கும் அப்படியே ஓடிட்டிருக்கு.

சுத்த பெட்ரோல் ஒரு கிலோ முழுசா எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏன்னா அதுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கு. 20 சதவிகிதம் கலந்தா கணக்கு சுமார் 13.5-க்கு வந்து நிக்கும். அதாவது அதே காத்துக்கு, அளவுல கிட்டத்தட்ட 7-8 சதவிகிதம் கூடுதல் பெட்ரோல் வேணும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவையே கொடுக்கும். மெக்கானிக் பாஷையில் சொன்னா 'மிக்ஸர் லீன் ஆயிடுச்சு'.

லீன் ஆனா என்ன ஆகும்? காலையில சோக் இழுத்தாலும் லேசுல பிடிக்காது. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் ஒரு நொடி திணறிட்டுத்தான் பிக்கப் எடுக்கும். ஏர் ஃபில்டர் பக்கம் 'டொப்'புனு ஒரு தும்மல். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏத்தத்துல நாலு பேரை ஏத்திட்டுப் போனா இன்ஜின் சீக்கிரம் சூடாகும். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா பிஸ்கட் கலர்ல இருக்க வேண்டியது வெள்ளையடிச்சு இருக்கும்.

இதோட வைத்தியம் பயங்கர சிம்பிள். சோலெக்ஸ் மாதிரி கார்புரேட்டர்களில் ஜெட் மேல இருக்கும் எண், ஓட்டையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்றது. உதாரணத்துக்கு, 120-ன்னா 1.20 மி.மீ. அதை 125 ஆக்கினா ஓட்டையின் பரப்பு சுமார் 8.5 சதவிகிதம் கூடும். இ-20 கேட்கும் கூடுதலும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே! ஆக, ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட். உங்க கார்புரேட்டரில் இருக்கும் எண் வேறயா இருக்கலாம், கணக்கு ஒண்ணுதான். ஆனா ஜெட்டுக்குள்ள கம்பி விட்டுக் கடையுறதை மட்டும் யாரும் செய்ய விடாதீங்க. ஒருமுறை கடைஞ்ச ஓட்டை எந்த அளவுன்னு அப்புறம் ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

நம்ம ஊர் பழைய வண்டிகளில் பாதிக்கு இந்த வைத்தியம்கூடத் தேவைப்படாது. காரணம் வேடிக்கையானது. தேய்ஞ்ச ஜெட், தப்பா வெச்ச ஃப்ளோட், பாதி மூடியே கிடக்கும் சோக் என ஏற்கெனவே அதெல்லாம் வேணும்கிறதைவிட அதிகமாத்தான் பெட்ரோல் குடிச்சிட்டிருக்கு. அங்கே இ-20 லீன் பண்ணது ஒருவகையில் ரிப்பேர்!

உண்மையான வில்லன்: டாங்க், டியூப், டைம்

மிக்ஸர் பிரச்னையை ஸ்க்ரூடிரைவரால சமாளிச்சிடலாம். பெரிய சேதம் வேற இடத்தில் நடக்குது.

எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். 40 வருஷமா டாங்க் அடியில் அமைதியாப் படிஞ்சு கிடந்த பிசினையும் கசடையும் அது கிளப்பி விட்டுடும். பால்கோவா கிண்டுற வாணலி அடியில பிடிக்கிற காந்தல் தெரியும்ல? பெட்ரோல் ஆவியாகிப் போனதும் அதே மாதிரி ஒரு பழுப்புப் பிசின் ஃப்ளோட் சேம்பரிலும் டாங்கிலும் ஒட்டிக்கும். புது எரிபொருள் அதைக் கரைச்சு எடுத்துட்டு வந்து நேரா ஜெட் வாசலில் போடும். 'இ-20 ஊத்தின ரெண்டாவது டாங்க்லயே வண்டி நின்னுடுச்சு'ங்கிற புகார்களில் ஒரு பங்கு இதுதான். பெட்ரோல் கெட்டது பண்ணலை; வீட்டைக் கூட்டிப் பெருக்கி, குப்பையை வாசல்ல விட்டுடுச்சு. ஃபில்டரை ரெண்டு மூணு தடவை மாத்தினா அடங்கிடும்.

அடுத்து ரப்பர். பழைய கார்களின் பெட்ரோல் டியூப், பம்ப் டயாஃப்ரம், கார்க் பேக்கிங், நீடில் வால்வு நுனி எல்லாம் எத்தனாலை மனசில் வெச்சுச் செஞ்சது இல்லை. உப்பும், இளகும், அப்புறம் காய்ஞ்சு வெடிக்கும். இதை அமைச்சகமே மறுக்கலை. சில பழைய வண்டிகளில் 20,000 - 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாத்த வேண்டி வரலாம். செலவு கம்மிதான்னு அந்த 2025 ஆகஸ்ட் விளக்கத்திலேயே இருக்கு.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கல்யாண அம்பாசடருக்கு 20,000 கிலோமீட்டர் வர இருபது வருஷம் ஆகும். ரப்பர் கிலோமீட்டரை எண்ணாது. எத்தனை மாசம் அந்த திரவத்தில் ஊறிக்கிட்டு நின்னுச்சுங்கிறதைத்தான் எண்ணும். கார்புரேட்டர் வண்டிகளையும் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் ஓட்டிப் பார்த்த வெளிநாட்டு ஆய்வில் பெரிய வித்தியாசம் இல்லைன்னும் அமைச்சகம் சொல்லுது. நல்லது. ஆனா அது ஒரு வண்டியின் முதல் ஒரு லட்சம் கிலோமீட்டர். ஓடாம ஷெட்டுல நிக்கிற 45 வயசு வண்டிக்கு அந்த சோதனை எப்படிப் பதில் சொல்லும்?

மூணாவது தண்ணி. எத்தனால் காத்தில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கும். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிஞ்சு டாங்க் அடியில் போய் உட்கார்ந்துக்கும். பெட்ரோல் பைப் உறிஞ்சுறதும் அதே அடியிலிருந்துதான். ஸ்டார்ட் ஆகாது, டாங்கும் உள்ளுக்குள் துரு பிடிக்கும், கார்புரேட்டர் பாடியில் வெள்ளைப் பவுடர் பூக்கும். ஆனா வாட்ஸ்அப்பில் சுத்துற மாதிரி ஒரு சொட்டுத் தண்ணிக்கெல்லாம் இது நடக்காது. உண்மையில் இ-10-ஐவிட இ-20 கொஞ்சம் அதிகமாவே தண்ணியைத் தாங்கும். டாங்க் மூடி சரியில்லாம ஐப்பசி, கார்த்திகை மழையில் மாசக்கணக்கில் வெளியே நின்ன வண்டிக்குத்தான் நிஜ ஆபத்து.

அப்புறம் நம்ம ஊர் வெயில். எத்தனால் கிட்டத்தட்ட 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோட கலந்தா, கலவையின் ஒரு பெரிய பங்கு அதைவிடக் குறைஞ்ச சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிடும். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும். சித்திரை மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் அரை மணி நேரம் கூட்டத்தில் மாட்டினா, பைப்புக்குள் பெட்ரோலுக்குப் பதிலா ஆவிதான் இருக்கும். பம்ப் அதைத் தள்ள முடியாம முழிக்கும். இதுதான் வேப்பர் லாக். பழைய டிரைவர்கள் பம்ப் மேல ஈரத் துணி போடுறது மூடநம்பிக்கை இல்லை பாஸ், பக்கா சயின்ஸ். நிரந்தரத் தீர்வு வேணும்னா, பெட்ரோல் பைப்பை சைலன்ஸர் மானிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகாம தள்ளிக் கட்டணும். வெப்பத்தடுப்பு உறை போடணும். கார்புரேட்டருக்கும் மானிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கும் தடிமனான இன்சுலேட்டர் பேக்கிங்கை யாரோ தூக்கிப் போட்டிருந்தா திரும்ப வைக்கணும்.

சந்தேகப்படுறதுக்கு முன்னாடி சோதிங்க

பழைய மெக்கானிக்குகள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு, கார்புரேட்டர் கோளாறுன்னு வர்றதுல பாதிக்கு மேல கரன்ட் கோளாறுதான்னு. கண்டன்சர் சூடானதும் செத்துப் போகும். ஆறினதும் உயிர் வரும். அச்சு அசலா வேப்பர் லாக் மாதிரியே நடிக்கும். ஸோ வண்டி நின்ன அந்த நிமிஷத்திலேயே பிளக்ல ஸ்பார்க் வருதான்னு பார்க்கணும். ஆறின பிறகு பார்த்து பிரயோஜனம் இல்லை. பாயின்ட் கேப், டைமிங், காயில் எல்லாம் சரின்னா மட்டும் பெட்ரோல் பக்கம் திரும்புங்க.

திரும்பினதும் ஸ்பேனரைத் தொடாம ஒரு சோதனை. டாங்க் மூடியைத் திறங்க. 'புஸ்'ஸுனு காத்து உள்ளே போய், வண்டியும் ஸ்டார்ட் ஆச்சுன்னா, மூடியில் இருக்கும் காத்து ஓட்டை அடைச்சிருக்கு. ஒரு ஊசியோட வேலை முடிஞ்சது. இ-20-க்கு இதில் பங்கே இல்லை.

அடுத்து, ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு, இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை இழுத்து கார்புரேட்டர் வாயைப் பாருங்க. மெல்லிசா ஒரு பெட்ரோல் பீச்சு விழணும். விழுந்தா ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கு, ஆக்ஸிலரேட்டர் பம்பும் வேலை செய்யுது. விழலைன்னா பின்னாடி போகணும்: கார்புரேட்டருக்கு வர்ற டியூபைக் கழட்டி ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடிச்சா விட்டு விட்டுக் குதிச்சு வரணும். இதை ஆறின இன்ஜினில், காயில் வயரைக் கழட்டிட்டு, பக்கத்தில் ஆளையும் தீயணைப்பானையும் வெச்சுக்கிட்டு மட்டும்தான் செய்யணும். பீடியோட வேடிக்கை பார்க்க வர்ற சித்தப்பாவைத் தூர அனுப்பிடுங்க.

பாட்டிலில் வரலைன்னா டாங்க், ஃபில்டர், பம்ப் மூணுல ஒண்ணு. பம்ப் டயாஃப்ரம் கிழிஞ்சதைக் கண்டுபிடிக்க ஈஸியான வழி, ஆயில் டிப் ஸ்டிக்கை மோந்து பார்க்கறது. பெட்ரோல் வாடை வந்து ஆயில் லெவலும் கூடியிருந்தா, கிழிஞ்ச டயாஃப்ரம் வழியா பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்குது. அந்த நிமிஷமே வண்டியை நிறுத்துங்க. நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினா பேரிங் போயிடும், அது கார்புரேட்டர் செலவு மாதிரி இருபது மடங்கு வரும்.

பெட்ரோல் நல்லாவே வருது, ஆனா கார்புரேட்டர் வழிஞ்சு ஊத்துது, கரும்புகை அடிக்குதுன்னா நீடில் வால்வு அல்லது ஃப்ளோட். ஃப்ளோட்டைக் கழட்டிக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பாருங்க. உள்ளே 'சலக் சலக்'னு கேட்டா ஓட்டை. ஐடிலிங் மட்டும் ஏறி இறங்கி ஆடுதுன்னா பைலட் ஜெட் அடைப்பு, இல்லைன்னா கார்புரேட்டர் அடி பேக்கிங் வழியா காத்துத் திருட்டு. பேக்கிங்கை மாத்திட்டு மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருப்பினால்தான் அர்த்தம் உண்டு. பலர் முதல் வேலையா ஸ்க்ரூவைத் திருப்பித்தான் ஒரு கோளாறை மூணா ஆக்குறாங்க.

இதெல்லாம் தாண்டியும் நிக்குதுன்னா, அப்போ இ-20 மேல கேஸ் போடுங்க!

பெட்ரோலில் உண்மையிலேயே எவ்வளவு எத்தனால் இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி. மூடிக் குலுக்கி வெச்சா எத்தனால் தண்ணியோட சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 10-லிருந்து ஏறத்தாழ 28-க்கு வந்தா அதுதான் இ-20. சிலர் இதே முறையில் எத்தனாலைப் 'பிரிச்சு' எடுத்துட்டு மேலே இருக்கும் பெட்ரோலை வண்டிக்கு ஊத்துறதா வீடியோ போடுறாங்க. வேண்டாம். ஆக்டேனும் அந்த எத்தனாலோட போயிடும். மிச்சத்தில் ஈரம் இருக்கும். அதைவிட வீட்டுக்குள்ள பக்கெட் பக்கெட்டா பெட்ரோல் வெச்சு விளையாடுற ரிஸ்க் யாருக்கு வேணும்?

ஒருமுறை செலவு பண்ணி மாத்த வேண்டியது சிலதுதான். எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ். ஆன்லைனில் தேடினா ஆர்-9 தரம்னு கிடைக்கும். விட்டான் வகை ரப்பர் நுனி உள்ள நீடில் வால்வு. புது டயாஃப்ரம், பேக்கிங் செட். உள்ளே தண்ணி தெரியற மாதிரி கண்ணாடி ஃபில்டர். வண்டியை ஒரு மாசத்துக்கு மேல நிறுத்தறதா இருந்தா ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோலை வடிச்சிடணும், டாங்க்கை ஏறக்குறைய ஃபுல்லா வைக்கணும். காலி இடம் குறைஞ்சா உள்ளே வியர்க்கிற ஈரமும் குறையும். எல்லாத்தையும்விட நல்லது, வாரம் ஒருதடவை ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய் கால் கிலோ பால்கோவா வாங்கிட்டு வர்றது. இன்ஜின் முழுசா சூடாக அந்த 24 கிலோமீட்டர் போதும்.

சரி, யார் காசு?

எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலில் மூணில் ரெண்டு பங்குதான். அதனால மைலேஜ் குறையும். இதில் விவாதமே இல்லை. எவ்வளவுங்கிறதுதான் சண்டை. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் வரைபடத்தில், சுத்த பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ-10-க்கு ட்யூன் பண்ண கார்களுக்கு 6-7 சதவிகிதம் இழப்புன்னு இருக்கு. 2025 ஆகஸ்ட்டில் அமைச்சகம் சொன்னது, இ-10-க்கு வடிவமைச்சு இ-20-க்கு ட்யூன் பண்ண கார்களுக்கு 1-2, மத்ததுக்கு 3-6 சதவிகிதம்.

பழைய கார்புரேட்டர் மாருதி 800-ஐ எடுத்துக்குவோம். 2000-த்துக்கு முந்தைய மாடல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், மாசம் ஆயிரம் கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. சுமார் 67 லிட்டர். 6 சதவிகிதம் குறைஞ்சா 71 லிட்டர். மாசம் 400 ரூபாய்க்கு மேல. ஷெட்டில் நாலு வின்டேஜ் வெச்சிருக்கவருக்கு இது டீ செலவு. ஆனா பழைய மாருதியை ஐம்பதாயிரத்துக்கு வாங்கி, பின் சீட்டில் துணி பண்டலை அடுக்கிட்டு சந்தைக்குப் போறவருக்கு? பழைய கார்னாலே பணக்காரங்க பொழுதுபோக்குங்கிற நினைப்புதான் இந்த விவாதத்தின் பெரிய ஓட்டை. புதுசு வாங்க முடியாததால பழசை ஓட்டுறவங்கதான் இங்கே அதிகம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் விலை குறைவா இருக்கணும்னு அதே நிதி ஆயோக் அறிக்கை பரிந்துரைச்சது. குறையலை. அன்னிக்கு எத்தனால் விலை கம்மி, 2025-ல் சராசரிக் கொள்முதல் விலையே லிட்டருக்கு 71.32 ரூபாய், சுத்திகரிச்ச பெட்ரோலைவிட அதிகம்ங்கிறது அமைச்சகத்தின் பதில். நியாயமான பதில்தான். ஆனா மைலேஜ் குறைஞ்ச பெட்ரோலுக்கு அதே விலை கொடுக்கிறவருக்கு அது ஆறுதல் இல்லை.

பிரேசிலைப் பாருங்கன்னு சொல்றாங்க. அங்கே 27 சதவிகிதம் இருந்ததை 2025 ஆகஸ்ட்டில் 30 ஆக்கிட்டாங்க. வண்டிகள் ஓடத்தான் செய்யுது. ஆனா பிரேசில் 1975-லேயே எத்தனால் திட்டத்தைத் தொடங்கிடுச்சு. முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 1979-லேயே அங்கே வந்துடுச்சு. அங்கத்த பழைய கார்புரேட்டர்களுக்கு எத்தனால் ஐம்பது வருஷ சொந்தக்காரன். நம்ம பத்மினியும் ஃபியட் வம்சம்தான், ஆனா அதுக்கு எத்தனால் நேத்து வந்த விருந்தாளி.

பிரிட்டன் பண்ணது வேற. 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலை இ-10 ஆக்கினப்போ, விலை கூடின சூப்பர் ரகத்தில் இ-5-ஐ விட்டு வெச்சாங்க. கிளாசிக் கார்களும் 2002-க்கு முந்தைய பல வண்டிகளும் அதைப் போட்டுக்கலாம். எந்தப் பைப்பில் என்ன வருதுன்னு இ-5, இ-10 ஸ்டிக்கர் பங்க்கிலேயே ஒட்டியிருக்கும். அது வெறும் 10 சதவிகிதத்துக்கு! நம்ம ஊரில் இருக்கும் ஒரே வழி, எத்தனால் கலக்காத எக்ஸ்பி-100 மாதிரியான 100 ஆக்டேன் பெட்ரோல். சாதா பெட்ரோலைவிட லிட்டருக்கு 50 ரூபாய்க்கு மேல கூடுதல். அதுவும் பெரும்பாலும் பெரிய நகரங்களின் சில பங்க்குகளில் மட்டும். குறைஞ்ச கம்ப்ரஷனில் ஓடும் அம்பாசடருக்கு 100 ஆக்டேனே தேவையில்லை. எத்தனால் இல்லாததுக்காக, தேவையே இல்லாத ஆக்டேனுக்குக் காசு கொடுக்கணும்.

என் கருத்து இதுதான். இ-20-ஐ நிறுத்தச் சொல்றது நடக்காத காரியம், நாட்டுக்கு நல்லதும் இல்லை. ஆனா மாவட்டத்துக்கு நாலஞ்சு பங்க்லயாவது ஒரே ஒரு பைப்பில் இ-5 அல்லது இ-10, ரெண்டு மூணு ரூபாய் கூட வெச்சே கொடுக்கலாம். எல்லா பைப்பிலும் கலப்பு சதவிகிதத்தை எழுதி ஒட்டலாம். கூடவே, பழைய மாடல்களுக்கு என்ன ஜெட், என்ன ஹோஸ் மாத்தணும்னு ஒரு பட்டியலை பெட்ரோல் நிறுவனங்கள் தமிழில் வெளியிடலாம். இன்னிக்கு அந்த வேலையை யூடியூப் அண்ணன்கள் பார்த்துட்டிருக்காங்க. பாதி நல்ல தகவல், மீதி பீதி.

சட்டத்தில் பழைய வண்டிக்கு ஒரு தனி இடம் இல்லாமலும் இல்லை. 2021 ஜூலை விதிப்படி, 50 வயசு தாண்டி பெரிய மாற்றம் செய்யாம இருக்கும் வண்டியை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, ராலி மாதிரி தேவைகளுக்கு மட்டும் ஓட்டலாம். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. அதாவது காசு வாங்கிட்டு மாப்பிள்ளையை ஏத்திட்டுப் போகக் கூடாது! வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-லிருந்து தயாரிச்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நம்ம மண்ணிலேயே பிறந்த கார், இந்தப் பட்டியலில் வந்துடும். 1985 பத்மினி வராது. 1990 மாருதி வரவே வராது. அவங்களுக்கு இருக்கிறது சாதாரண ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிப்பு மட்டும்தான். 20 வயசு தாண்டின காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 5,000-லிருந்து 10,000 ரூபாய் ஆக்கியிருக்காங்க. ஹோஸ், டயாஃப்ரம், பேக்கிங் செட், ஜெட் எல்லாம் மாத்தற செலவு அதில் பாதிகூட வராது.